இரட்டை டேங்க் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் பம்ப் கோளாறு: கண்டறிவதும் சரிசெய்வதும்

ஆஸ்திரேலியாவின் உட்பகுதித் தடங்களை மனத்தில் வைத்து விற்கப்பட்ட பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் பலவற்றில் இரண்டு எரிபொருள் டேங்குகள் இருக்கும். நிசான் பேட்ரோல் ஜியு வேகனில் 95 லிட்டர் பிரதான டேங்கும் 40 லிட்டர் துணை டேங்கும் உண்டு. டொயோட்டா லேண்ட்குரூசர் 200 வரிசையில் இந்த அளவுகள் 93, 45. பின்னர் வந்த 300 வரிசையில் 80, 30. இவ்வளவு எண்ணெய் எதற்கு என்பது சிம்ப்சன் பாலைவனத்தின் மேற்கு விளிம்பில் உள்ள மவுண்ட் டேரில் நின்று கிழக்கே பார்த்தால் விளங்கிவிடும். அங்கிருந்து பாலைவனத்தைக் கடந்து பேர்ட்ஸ்வில் சேரும்வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு எரிபொருள் கிடையாது. குறுக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள் கிடக்கின்றன. மணலில் 100 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் குடிக்கும் ஒரு பேட்ரோலுக்கு அந்தப் பயணத்தில் 125 லிட்டர் வேண்டும். பிரதான டேங்கில் உள்ள 95 லிட்டர் 380 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். மீதித் தூரத்துக்குத் துணை டேங்கை நம்பித்தான் போக வேண்டும். அந்தத் துணை டேங்கோ, தன் எண்ணெயை முன்னுக்கு இறைத்துத் தரும் சிறியதொரு டிரான்ஸ்ஃபர் பம்பை நம்பியிருக்கிறது.

இந்தப் பம்ப் இயங்கவில்லை என்றதும் பலரும் முதலில் செய்வது புதுப் பம்ப் வாங்கி டேங்கை இறக்குவதுதான். அது தலைகீழ் வரிசை. ஃபியூஸ், ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்), எர்த் இணைப்பு, காற்றுக் குழாய், அளவுமானி மிதவை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கெட்டாலும் பம்ப் செத்ததைப் போலவே தோன்றும். இவை அனைத்தையும் டேங்கைத் தொடாமலேயே சோதித்துவிடலாம். ஆகவே கீழே உள்ள படிகள் எளிதானதிலிருந்து கடினமானதை நோக்கிச் செல்கின்றன. ஒவ்வொன்றையும் அதே வரிசையில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த அமைப்பு

இரட்டை டேங்க் என்றாலே டிரான்ஸ்ஃபர் பம்ப் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தலா 90 லிட்டர் கொண்ட இரு டேங்குகளுடன் வந்த லேண்ட்குரூசர் ட்ரூப் கேரியர் போன்றவற்றில் எஞ்சின் எந்த டேங்கிலிருந்து உறிஞ்ச வேண்டும், திரும்பி வரும் எண்ணெய் எந்த டேங்குக்குப் போக வேண்டும் என்பதை ஒரு மாற்று வால்வு தீர்மானிக்கும். அங்கே ஒரு டேங்கிலிருந்து மற்றதற்கு எண்ணெய் இறைக்கப்படுவதே இல்லை. கோளாறு வந்தால் பார்க்க வேண்டியது வால்வையும் அதன் மோட்டாரையும்தான். இன்னும் சில வண்டிகளில் ஜெட் பம்ப் என்ற அமைப்பு உண்டு. வேகமாகப் பாயும் எண்ணெயைக் குறுகிய துவாரம் வழியாக விட்டு, அது உண்டாக்கும் உறிஞ்சு விசையால் மற்ற பக்கத்து எண்ணெயை இழுத்துவரும் இதற்குத் தனி மோட்டாரோ ஸ்விட்சோ தேவையில்லை.

இந்த வழிகாட்டி மூன்றாவது வகைக்கானது. பேட்ரோல் ஜியுவில் உள்ளதுபோல, டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்சை அழுத்தினால் மின் பம்ப் இயங்கித் துணை டேங்கிலிருந்து பிரதான டேங்குக்கு எண்ணெயை அனுப்பும் அமைப்பு அது. பின்னாளில் பொருத்தப்படும் நெடுந்தூர டேங்குகளிலும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். ஆஸ்திரேலியாவில் ஜியு விற்பனை 2016-இல் முடிந்துவிட்டதால், இன்று கைமாறும் வண்டிகளில் மிக இளையதுகூட வயரிங் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும் வயதை எட்டிவிட்டது என்பதை வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

தொடங்கும் முன்

பெட்ரோல் வண்டியா, டீசல் வண்டியா என்பதைப் பொறுத்து ஆபத்தின் அளவு மாறும். பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தரையாகப் பரவி, வண்டிக்கு அடியிலும் பழுதுபார்க்கும் குழியிலும் தேங்கி நிற்கும். டீசல் அவ்வளவு எளிதில் பற்றாது என்றாலும், சூடான சைலன்சர் மேல் சிந்தினால் அதுவும் விளையாட்டல்ல. எனவே திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, உலர் தூள் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேலை செய்யுங்கள். எரிபொருள் குழாயைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். மின்சோதனையையும் திறந்த குழாயையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. எண்ணெய் வரத்தை அளக்கும் சோதனையில் மட்டும் இது தவிர்க்க முடியாதது, அதற்கான எச்சரிக்கை அந்த இடத்தில் வருகிறது.

கருவிகளாக மல்டிமீட்டர் ஒன்று, 21 வாட் பிரேக் லைட் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்த சோதனை விளக்கு ஒன்று, 10 ஆம்பியர் ஃபியூஸ் கோத்த நீள வயர் ஒன்று, அளவு குறிக்கப்பட்ட எரிபொருள் ஜாடி ஒன்று, நைட்ரைல் கையுறை ஆகியன போதும்.

படி 1: பம்புக்கு இயங்க அனுமதி இருக்கிறதா

பிரதான டேங்க் நிரம்பியிருக்கும்போது ஸ்விட்சை அழுத்திவிட்டு, பம்ப் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. பல வண்டிகளில் பிரதான டேங்கில் போதிய இடம் இருந்தால்தான் கட்டுப்பாட்டுச் சுற்று பம்பை ஓடவிடும். துணை டேங்க் காலி என்று அதன் மிதவை சொன்னாலும் பம்பை நிறுத்திவிடும். ஆகவே பிரதான டேங்க் பாதிக்குக் கீழும், துணை டேங்கில் குறைந்தது பாதியும் எண்ணெய் இருக்கும் நிலையில், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுச் சோதனையைத் தொடங்குங்கள்.

ஒருவர் உள்ளே அமர்ந்து ஸ்விட்சைப் போட, மற்றவர் பின்சக்கரத்தருகே டேங்கின் பக்கம் காதை வைத்துக் கேட்க வேண்டும். எஞ்சின் இரைச்சல் மறைத்தால் சாவியை மட்டும் திருப்பிய நிலையில் கேட்கலாம். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை டேங்கின் மேல்தட்டிலும் பிடியைக் காதோரத்திலும் வைத்தால் மெல்லிய முனகல்கூடத் தெளிவாகக் கேட்கும். டேங்குக்கு வெளியே பொருத்தப்படும், மோட்டாருக்குப் பதில் மின்னணுச் சுற்று இயக்கும் சாலிட் ஸ்டேட் பம்ப் என்றால் டக்டக்கென்று தட்டும் ஓசை வரும்.

இதில் கிடைக்கும் விடைதான் அடுத்து எங்கே போவது என்பதைத் தீர்மானிக்கிறது. ஸ்விட்ச் விளக்கும் எரியவில்லை, ஓசையும் இல்லை என்றால் படி 2. விளக்கு எரிகிறது, ஓசை இல்லை என்றால் படி 2-ஐ விரைந்து முடித்துவிட்டுப் படி 3. ஓசை கேட்கிறது, எண்ணெய் மட்டும் நகரவில்லை அல்லது மிக மெதுவாக நகர்கிறது என்றால் மின்சாரத்தை விட்டுவிட்டு நேராகப் படி 5-க்குச் செல்லலாம். ஸ்விட்ச் போடாமலேயே எண்ணெய் இடம் மாறுகிறது என்றால் அது தனிக் கதை. அது படி 7-இல் வருகிறது.

படி 2: ஃபியூஸும் ரிலேயும்

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம். கழற்றி, மல்டிமீட்டரில் தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். எரிந்திருந்தால் அதே அளவுள்ள ஃபியூஸை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். அதுவும் உடனே எரிந்தால், பம்ப் இறுகிப்போயிருக்க வேண்டும் அல்லது சேசிஸில் உரசிய வயர் எர்த் ஆகியிருக்க வேண்டும். பெரிய ஃபியூஸாகப் போட்டுப் பார்ப்போம் என்ற எண்ணம் எரிபொருள் டேங்கின் பக்கத்தில் வரவே கூடாது.

ரிலேயில் 85, 86 என்று குறித்த முனைகள் உள்ளிருக்கும் சுருளுக்கு உரியவை. 30-க்கு மின்சாரம் வந்து 87 வழியாகப் பம்புக்குப் போகும். அதே எண் கொண்ட இன்னொரு ரிலே வண்டியில் இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்ப்பதே மிக விரைவான சோதனை. அது இல்லையென்றால் ரிலேயைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டில் 30-ஆம் முனையில் பேட்டரி மின்னழுத்தம் இருக்கிறதா, ஸ்விட்சைப் போடும்போது 85-க்கும் 86-க்கும் இடையே 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். 30-இல் இருக்கிறது, 85–86-இல் வரவில்லை என்றால் குற்றம் ஸ்விட்சிலோ கட்டுப்பாட்டுச் சுற்றிலோ மிதவையிலோ இருக்கிறது. இரண்டும் சரியாக இருந்தால், சாக்கெட்டின் 30-ஐயும் 87-ஐயும் ஃபியூஸ் கோத்த வயரால் ஒரு கணம் இணைக்கலாம். பம்ப் ஓடினால் ரிலேதான் கெட்டது. ஓடாவிட்டால் பின்புறம் போக வேண்டும்.

படி 3: பம்பின் வாசலில் மின்சாரம்

இந்தப் படியில்தான் மல்டிமீட்டர் ஏமாற்றும். பம்பின் கனெக்டரைக் கழற்றி, வயரிங் பக்கத்தில் மீட்டரை வைத்தால் 12.4 வோல்ட் என்று காட்டும். சரி, மின்சாரம் வருகிறது, பம்ப்தான் போய்விட்டது என்று டேங்கை இறக்கிவிடுவார்கள். மீட்டர் மிக மிகச் சிறிய மின்னோட்டத்தையே இழுக்கிறது. ஆகவே களிம்பு பிடித்து ஒரே ஓர் இழை மட்டும் மிஞ்சிய வயரிலும் அது முழு அளவைக் காட்டும். அதே இடத்தில் 21 வாட் பல்பை இணைத்துப் பாருங்கள். அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும் என்பதால், வயர் நலமாக இருந்தால் பளிச்சென்று எரியும். இல்லையென்றால் இழை மட்டும் செம்மஞ்சளாகக் கனன்று நிற்கும் அல்லது எரியவே எரியாது. சிறு பம்புக்குத் தேவையான அளவுக்கு நெருங்கிய சுமையை வயரின் மேல் ஏற்றிப் பார்க்கிறோம் என்பதே இதன் சிறப்பு.

பல்ப் மங்கினால் குறை பாசிட்டிவ் வயரிலா, எர்த்திலா என்று பிரிக்க வேண்டும். பல்ப் இணைந்திருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை பம்ப் கனெக்டரின் எர்த் ஊசியிலும் வையுங்கள். நல்ல எர்த் என்றால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. 1 வோல்ட், 2 வோல்ட் என்று காட்டினால், சேசிஸில் திருகப்பட்ட எர்த் முனையைக் கழற்றி, பெயின்டும் துருவும் போகும்வரை தேய்த்து, புது முனை வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும். கடற்கரை மணலில் ஓட்டிய வண்டிகளில் இந்த ஒரு திருகு செய்யும் சேட்டை கொஞ்சநஞ்சமல்ல. எர்த் நலமாக இருந்தால், பேட்டரியின் பாசிட்டிவுக்கும் கனெக்டரின் பாசிட்டிவ் ஊசிக்கும் இடையே அளந்து பாருங்கள். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் வழியில் உள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதுதான்.

படி 4: பம்பை நேரடியாக ஓட்டுதல்

மின்சாரம் ஒழுங்காக வந்தும் பம்ப் ஓடவில்லை என்றால், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் கோத்த வயரை நேராகப் பம்புக்குக் கொடுங்கள். இறுதி இணைப்பை, அதாவது பொறி கிளம்பக்கூடிய இணைப்பை, டேங்கின் அருகே செய்யாமல் பேட்டரி முனையிலேயே செய்ய வேண்டும். இடையில் அம்மீட்டர் வைத்தால் பம்பின் நோயும் தெரிந்துவிடும். மின்னோட்டமே இல்லையென்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது அல்லது வயர் அறுந்திருக்கிறது. ஓசையின்றி மிகுதியாக இழுத்தால் பம்ப் இறுகிவிட்டது. சத்தமாகச் சுற்றிக்கொண்டு வழக்கத்தைவிடக் குறைவாக இழுத்தால் எண்ணெய் கிடைக்காமல் காற்றில் சுழல்கிறது.

நெடுநாள் பயன்படுத்தாமல் இறுகிய பம்பை, மின்சாரம் கொடுத்தபடி டேங்கின் அடிப்பகுதியை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி எழுப்பிவிட முடிவதுண்டு. பிரஷ் வைத்த சாதாரண மோட்டார் என்றால் பாசிட்டிவையும் நெகட்டிவையும் ஒரு நொடிக்கு மாற்றிக் கொடுத்துப் பின்னோக்கிச் சுழற்றியும் விடுவிக்கலாம். சாலிட் ஸ்டேட் பம்பில் இதைச் செய்தால் உள்ளிருக்கும் மின்னணுச் சுற்று எரிந்துவிடும். இப்படி எழுப்பிய பம்ப் வீடு போய்ச் சேர உதவும். அதை நம்பி அடுத்த பயணத்துக்குப் புறப்படுவது சரியல்ல.

படி 5: ஓசை உண்டு, எண்ணெய் இல்லை

முதலில் செய்ய வேண்டியது செலவே இல்லாத சோதனை: பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது துணை டேங்கின் மூடியைத் திறப்பது. உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டு, அதன் பிறகு எண்ணெய் வரத் தொடங்கினால் பிரீதர் எனப்படும் காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது. டேங்கிலிருந்து வெளியேறும் எண்ணெயின் இடத்தை நிரப்பக் காற்று வர வழியில்லாததால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது என்று பொருள். செம்மண் தூசியும் குளவிக் கூடும் இந்தக் குழாயை விரும்பும். அதைக் கழற்றி, டேங்க் பக்கமிருந்து வெளிப்புறமாகக் காற்றை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். மறுபக்கமிருந்து ஊதினால் அழுக்கு முழுவதும் டேங்குக்குள் போய்விடும்.

அடுத்தது உறிஞ்சும் பக்கத்துக் காற்றுக் கசிவு. டேங்குக்கு வெளியே பொருத்திய பம்புகளில் இது மிகுதி. கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாயில் மயிரிழைக் கீறல் விழுந்தால் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தும் தண்ணீர் ஏறாதது போல, இங்கும் பம்புக்கு முந்திய ஹோஸில் விழுந்த வெடிப்பு வெளியே ஒரு சொட்டும் கசியாமல் காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். கசிவின் ஈரத்தைத் தேடிப் பயனில்லை. பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு ஒளி ஊடுருவும் எரிபொருள் ஹோஸைத் தற்காலிகமாக மாட்டிப் பார்த்தால், ஓடும் எண்ணெயில் குமிழிகள் வரிசையாகப் போவது கண்ணுக்கே தெரியும். அந்தப் பக்கத்து ஹோஸையும் கிளிப்புகளையும் மொத்தமாக மாற்றிவிடுவது, எந்த இடத்தில் கீறல் என்று தேடுவதைவிட எளிது. இவ்வகைப் பம்புகள் தள்ளுவதில் வல்லவை, இழுப்பதில் அவ்வளவாக இல்லை. ஆகவே பம்ப் டேங்கின் அடிமட்டத்துக்கு இணையாகவோ அதற்குக் கீழோ, டேங்குக்கு மிக அருகில் இருக்க வேண்டும். பொருத்தியவர் இடவசதி கருதி அதை உயரத்தில் மாட்டியிருந்தால், வெயில் காலத்தில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும்.

இவை இரண்டும் சரி என்றால் வரத்தை அளந்துவிடுங்கள். அனுப்பும் குழாயைப் பிரதான டேங்கின் பக்கம் கழற்றி, ஜாடிக்குள் இறக்கி, 30 விநாடி ஓடவிட்டு அளவைப் பாருங்கள். இது திறந்த வெளியில், எஞ்சினை அணைத்து, இருவர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. பெட்ரோல் வண்டியில் இதைச் செய்யத் தயக்கம் இருந்தால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதில் குறைவொன்றுமில்லை. 30 விநாடிக்கு அரை லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 1 லிட்டர். 40 லிட்டர் மாற 40 நிமிடம். நல்ல நிலையில் இருந்தபோது உங்கள் வண்டி எடுத்துக்கொண்ட நேரம் தெரிந்திருந்தால் அதனோடு ஒப்பிடுங்கள். ஜாடியில் வரத்து நன்றாக இருந்து, குழாயை மீண்டும் மாட்டிய பிறகு குறைந்தால், அதற்கு அப்பால் உள்ள வால்வோ பிரதான டேங்கின் நுழைவாயோ அடைத்திருக்கிறது. ஜாடியிலேயே வரத்து குறைவு என்றால் வழியில் உள்ள ஃபில்டர், நசுங்கிய ஹோஸ் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, டேங்குக்குள் இறங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

படி 6: டேங்கை இறக்கித் திறத்தல்

சில வண்டிகளில் பின்பக்கத் தரைவிரிப்புக்கு அடியில் ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்தாலே பம்பை எட்டிவிடலாம். மற்றவற்றில் டேங்கை இறக்க வேண்டும். 40 லிட்டர் டீசல் 33 கிலோவுக்குமேல் கனக்கும், அதுவும் ஒருபக்கமாக அலம்பும். ஆகவே முதலில் கைப்பம்பால் எண்ணெயை வெளியேற்றிவிட்டு, ஜாக்கின்மேல் பலகை வைத்துத் தாங்கியபடி பட்டைகளைத் தளர்த்துங்கள். ஒரு சாண் இறங்கியதும் நிறுத்தி, நிரப்பும் ஹோஸ், பிரீதர், அனுப்பும் குழாய், கனெக்டர் என ஒவ்வொன்றுக்கும் அடையாள நாடா ஒட்டிக் கழற்ற வேண்டும்.

பம்ப் தட்டைத் திறக்கும் முன் டேங்கின் மேற்பரப்பை நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் அங்கே படிந்த மண் முழுவதும் தட்டைத் தூக்கிய மறுகணம் உள்ளே விழக் காத்திருக்கிறது. பூட்டு வளையத்தைத் திருப்ப இரும்பு உளியைப் பயன்படுத்தக் கூடாது. பித்தளையோ கட்டையோ போதும்.

வெளியே வந்ததும் முதலில் அடியில் உள்ள சல்லடைப் பையைப் பாருங்கள். புதிதில் வெண்மையாக இருக்கும் அது, பழைய பெட்ரோல் கிடந்த டேங்கில் தேநீர் நிறத்தில் விறைத்து, விரலில் ஒட்டும் வார்னிஷ் பிசினோடு இருக்கும். வாடையே புளித்துக் குமட்டும். டீசல் டேங்கில் கறுப்பு நிறத்தில் கொழகொழவென்று கூழ் படிந்திருந்தால் அது வெறும் அழுக்கல்ல. டீசலின் அடியில் தேங்கும் தண்ணீருக்கும் டீசலுக்கும் இடைப்பட்ட பரப்பில் வளரும் ஹார்மோகோனிஸ் ரெசினே போன்ற பூஞ்சையும் நுண்ணுயிர்களும் சேர்ந்தது அது. இதற்கான மருந்தை எரிபொருளில் ஊற்றினால் பூஞ்சை சாகும். செத்த கூழ் கரையாமல் ஃபில்டரை அடைக்கும். எனவே முதலில் டேங்கைக் கழுவி, தண்ணீரை ஒட்ட வெளியேற்றிவிட்டு, அதன் பிறகே மருந்து. சல்லடையைக் கழுவி மீண்டும் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதுச் சல்லடையின் விலை இரண்டாம் முறை டேங்கை இறக்கும் உழைப்புக்கு முன் ஒன்றுமே இல்லை.

டேங்க் திறந்திருக்கும்போதே மிதவையையும் சோதித்துவிட வேண்டும். மிதவைக் கையை அடியிலிருந்து உச்சிவரை மெதுவாக உயர்த்தும்போது மீட்டரில் ஓம் அளவு தாவாமல் சீராக மாற வேண்டும். நடுவில் அறுந்து அறுந்து காட்டினால், பம்ப் நலமாக இருந்தும் கட்டுப்பாட்டுச் சுற்று அதை நிறுத்திக்கொண்டிருந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பம்ப் மாற்றுவதென்றால் இரண்டு எச்சரிக்கைகள். டேங்குக்குள் பம்பை மேல்தட்டோடு இணைக்கும் குட்டை ஹோஸ், எண்ணெயில் முழுகிக் கிடப்பதற்கென்றே செய்த எஸ்ஏஇ 30ஆர்10 வகையாக இருக்க வேண்டும். எஞ்சின் அறையில் போடும் சாதாரண எரிபொருள் ஹோஸ் உள்ளே மட்டுமே எண்ணெயைத் தாங்கும். வெளிப்புறமும் நனைந்தால் ஊறி, உப்பி, சில மாதங்களில் பிளந்துவிடும். பிளந்த பின் பம்ப் ஓடும், வரத்து மட்டும் இராது. நாம் மீண்டும் படி 5-இல் வந்து நிற்போம். இரண்டாவது, கைக்குக் கிடைத்தது என்று எஞ்சினுக்குரிய உயர் அழுத்தப் பம்பைப் போட வேண்டாம். இங்கே தேவைப்படுவது அளவுதான், அழுத்தம் அல்ல.

உள் பம்ப் கிடைக்காதவர்கள் ஃபேசெட் போன்ற வெளிப் பம்பைப் பொருத்துவதுண்டு. அதற்கு முன்னால் ஒரு ஃபில்டரும், எண்ணெய் பின்வாங்காதபடி ஒருவழி வால்வும் வேண்டும். வயரிங்கில் ஆஸ்திரேலியக் கடைகளுக்கே உரிய ஒரு குழப்பத்தைத் தெரிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும்: அங்கே 4 மில்லிமீட்டர் ஆட்டோ கேபிள் என்று விற்பது, மேலுறையோடு சேர்த்த மொத்த விட்டத்தைக் குறிக்கிறது. உள்ளிருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பு 2 சதுர மில்லிமீட்டரைக்கூட எட்டாது. சிறிய பம்புக்கு அது போதும்; பேட்டரியிலிருந்து பின் டேங்கு வரை ஓடும் தூரத்தையும், பெரிய பம்ப் இழுக்கும் மின்னோட்டத்தையும் கணக்கிட்டால் 5 அல்லது 6 மில்லிமீட்டர் என்று விற்பதை வாங்குவது நல்லது. ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். சாவியை அணைத்தால் பம்பும் நிற்கும்படி ரிலேயை இணைப்பதும், பம்ப் ஓடுகிறது என்று காட்டும் சிறு விளக்கொன்றை ஓட்டுநர் கண்ணில் படும்படி வைப்பதும் கட்டாயம் என்றே சொல்வேன். காலி டேங்கில் ஓடும் பம்ப் தன்னைக் குளிர்விக்க எண்ணெயின்றித் தேய்ந்து போகும்.

படி 7: தானாக இடம் மாறும் எண்ணெய்

இரவில் நிறுத்தும்போது ஓர் அளவும் காலையில் வேறோர் அளவும் காட்டினால், ஒருவழி வால்வு கசிந்து எண்ணெய் சைஃபன் முறையில் தாழ்ந்த டேங்குக்கு வழிந்துகொண்டிருக்கலாம். ஒருமுறை சமதரையிலும் மறுமுறை சரிவிலும் நிறுத்திப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

இதைவிடக் கவலைக்குரியது ஸ்விட்சை அணைத்தும் நிற்காத பம்ப். ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் இப்படி நேரும். பிரதான டேங்க் நிரம்பி, பிரீதர் வழியாக எண்ணெய் தரையில் கொட்டும். பெட்ரோல் வண்டியில் டேங்கின் ஆவியைப் பிடித்து வைக்கும் கரித்தூள் கேனிஸ்டரும் நனைந்து, எஞ்சின் தடுமாறும். அந்த நேரத்தில் ஸ்விட்சோடு போராடாமல் ஃபியூஸைப் பிடுங்கிவிட வேண்டும். ஆகவே அந்த ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலிருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்தில் எப்போது மாற்றுவது

பிரதான டேங்க் காலியாகும் தறுவாயில் ஸ்விட்சைப் போடுவது பலரின் பழக்கம். முன்னே சொன்ன சிம்ப்சன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஸ்விட்சைப் போட்டு, பம்ப் இயங்கவில்லை என்றால், பிரதான டேங்கில் 20 லிட்டர், அதாவது 80 கிலோமீட்டருக்கான எண்ணெய் மட்டுமே இருக்கும்; பேர்ட்ஸ்வில்லோ 200 கிலோமீட்டர் தள்ளி. மாறாக, 160 கிலோமீட்டரில் 40 லிட்டர் செலவாகி, துணை டேங்கில் உள்ளது முழுவதும் கொள்ளும் இடம் பிரதான டேங்கில் விழுந்தவுடனே ஸ்விட்சைப் போட்டால், பம்ப் இயங்காவிட்டாலும் 55 லிட்டர் கையில் இருக்கும். வந்த வழியே 160 கிலோமீட்டர் திரும்ப அது போதும். துணை டேங்கின் கொள்ளளவு பிரதான டேங்கின் பாதிக்கு மேற்படாத எந்த வண்டிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கட்டுப்பாட்டுச் சுற்று அவ்வளவு சீக்கிரம் பம்பை ஓடவிடாத வண்டி என்றால், அது விடும் முதல் தருணத்திலேயே செய்துவிட வேண்டும்.

இன்னும் மேலான வழி, கடைசி எரிபொருள் நிலையத்துக்குப் போகும் வழியிலேயே துணை டேங்கை ஒருமுறை முழுக்க இறைத்துக் காலி செய்துவிட்டு, அங்கே இரண்டையும் நிரப்பிக்கொள்வது. பம்பின் நலமும் தெரிந்துவிடும், துணை டேங்கில் புது எண்ணெயும் இருக்கும். ஊருக்குள்ளேயே ஓடும் வண்டியில் மாதம் ஒருமுறை இதைச் செய்தாலே வார்னிஷும் பூஞ்சையும் அண்டுவது பெரிதும் குறையும்.

எல்லாம் மீறிப் பாலைவனத்தின் நடுவில் பம்ப் நின்றுவிட்டால், டீசல் வண்டியைப் பிரதான டேங்க் வறண்டு நிற்கும்வரை ஓட்டாதீர்கள். எண்ணெயை மிக உயர்ந்த அழுத்தத்தில் தெளிக்கும் காமன் ரெயில் எஞ்சினில் காற்று புகுந்தால் உயர் அழுத்தப் பம்புக்கும் கேடு, மீண்டும் கிளப்புவதும் பெரும்பாடு. கால் டேங்க் இருக்கும்போதே நிறுத்தி, எஞ்சின் ஆறிய பின், துணை டேங்கின் அனுப்பும் குழாயை ஓர் இணைப்பில் கழற்றி, படகு எஞ்சின்களுக்கு விற்கும் கைப்பிசை ரப்பர் உருண்டை பொருத்திய ஹோஸை மாட்டி, 20 லிட்டர் ஜெர்ரி கேனில் பிடித்துப் பிரதான டேங்கில் ஊற்றலாம். உள்ளிருக்கும் பம்ப் இறுகி வழி விடாவிட்டால், நிரப்பும் வாய் வழியாக ஹோஸை இறக்கிப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் அங்கே தடுப்பு இருப்பதால் ஹோஸ் இறங்காது என்பதைப் புறப்படும் முன்பே வீட்டு வாசலில் சோதித்துக்கொள்ளுங்கள். ஊற்றும்போது காற்றோடு வரும் மணல் உள்ளே போகாமல் வடிபுனல் ஒன்று, அதன் வாயில் மெல்லிய சல்லடை ஒன்று. 40 லிட்டருக்கு இரண்டு நடை.